சரிஞ்ச வீட்டுப் பாலன்

அன்ரனெற்: ...இல்லை, தெரியாமல்தான் கேக்கிறன். மாதாவும் சூசையப்பரும் எப்ப இங்கிலாந்துக்குப் போனவை?

இக்னேசியஸ்: விடியவெள்ளெனப் பகிடியோ, அன்ரனெற்?

அன்ரனெற்: நத்தாருக்குப் பாலன் குடில் செய்யிறன் எண்டு பேஸ்மென்ற்றுக்கை இறங்கின மனுசன். மாட்டுக்கொட்டிலைக் காணேல்லை! ரெண்டு மாடி, புகைக்கூடு, கறுப்பு மரச்சட்டம், நடுவிலை செங்கல்... கோயில் போட்டிக்கு உதையோ கொண்டுபோகப் போறியள்?

இக்னேசியஸ்: பஸ்ரியன் வருசா வருசம் வைக்கோலைப் பரப்பிப்போட்டுப் பரிசைத் தூக்கிக்கொண்டு போறான். இந்தமுறை நான் வித்தியாசமா...

அன்ரனெற்: சரிஞ்செல்லோ நிக்குது!

இக்னேசியஸ்: பச்சை ஓக் மரத்திலை கட்டினா அப்பிடித்தான். காயக் காய வளையும், வளைஞ்சபடியே இறுகும். நானூறு வருசம் போனாலும் விழாது.

அன்ரனெற்: ஆர் உதைச் சொல்லுறது? இஞ்சை பிறம்ரனிலை காலம் முழுக்கப் புதுவீட்டுக்கு மரச்சட்டம் அடிக்கிற இக்னேசியஸோ? மகள் மெலனி இங்கிலாந்திலை இப்பிடி ஒரு பழைய வீடு வாங்கினவுடனை என்ன குதி குதிச்சனீங்கள்! "சரிஞ்ச வீட்டிலை இருக்கிறவளோடை எனக்குக் கதையில்லை" எண்டு...

இக்னேசியஸ்: சொன்னனான்தான்.

அன்ரனெற்: ரெண்டு வருசம்! பெத்த பிள்ளையோடை ஒரு சொல்லில்லை. எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சனீங்களோ? இப்ப அவளின்ரை வீட்டையே பாத்துச் செய்யிறியள்.

இக்னேசியஸ்: சீச்சீ... உது பொதுவா ஒரு இங்கிலீஸ் வீடு.

அன்ரனெற்: பச்சைக் கதவோ?

இக்னேசியஸ்: அந்தப் பெயின்ற்தான் மிச்சம் கிடந்தது.

அன்ரனெற்: செங்கல்லையும் மீன்முள்ளு மாதிரிச் சரிச்சுச் சரிச்சு...

இக்னேசியஸ்: சட்டத்துக்கு நடுவிலை அப்பிடித்தான் அடுக்கிறது. முதல் தடியும் களிமண்ணும்தான் இருந்ததாம். செங்கல் பிறகு வைச்சதாம்.

அன்ரனெற்: "வைச்சதாம்" எண்டு ஆர் சொன்னது?

இக்னேசியஸ்: ...பொதுவாச் சொல்லுறவை.

அன்ரனெற்: பொய் சொல்லத் தெரியாட்டி விடுங்கோ. கூரையைத் தூக்கிப் பாத்தனான். உள்மரத்திலை கோடு கோடாக் கீறியிருக்கு. அது என்ன?

இக்னேசியஸ்: எந்த மரம் எதோடை பொருந்தும் எண்டு தச்சர் வெட்டின அடையாளம். ஒரு ஆணி இல்லையப்பா! எல்லாம் மரமுளை. என்ன வேலைக்காரர் தெரியுமோ! நான் பாத்திட்டு அப்பிடியே...

அன்ரனெற்: எங்கை பாத்தனீங்கள்? மெலனி எனக்கு அனுப்பின படம் ஒண்டிலையும் கூரைக்குள்ளை இல்லை. இஞ்சாருங்கோ... அவளோடை கதைக்கிறியள்! உண்மையைச் சொல்லுங்கோ!

இக்னேசியஸ்: ஓம். வேலைக்குப் போறதுக்கு முதல், வான் வண்டிக்கை இருந்து கதைக்கிறனான். ஏணி வைச்சு ஏறி வீடியோவிலை காட்டினவள்.

அன்ரனெற்: அட கடவுளே! நான் இஞ்சை செபமாலையும் கையுமா நேர்த்தி வைச்சுக்கொண்டு...

இக்னேசியஸ்: வெக்கமாக் கிடந்ததப்பா. அவ்வளவு பேச்சுப் பேசிப்போட்டு, என்ன முகத்தோடை உமக்குச் சொல்லுறது?

அன்ரனெற்: போங்கோ... எனக்குச் சந்தோசத்திலை அழுகை வருது.

இக்னேசியஸ்: அங்காலை நிண்டு அழும். பெயின்ற் காயேல்லை.

அன்ரனெற்: பொறுங்கோ. பக்கத்திலை ஒட்டியிருக்கிற இந்தச் சின்ன அறை? அவளின்ரை வீட்டிலை அப்பிடி ஒண்டு இல்லையே.

இக்னேசியஸ்: இப்ப இல்லை. மாசியிலை நான் போய் மருமோனோடை சேர்ந்து கட்டப்போறன்.

அன்ரனெற்: நீங்களோ? அந்தச் சரிஞ்ச வீட்டுக்கையோ? அப்பிடி என்ன அவசரம்... ஐயோ! அவள் பிள்ளைத்தாச்சி எண்டு உங்களுக்கும் தெரியுமோ? நத்தார் முடிய நானே பக்குவமாச் சொல்லுறன், அதுவரைக்கும் அப்பாட்டை மூச்சு விடாதை எண்டெல்லோ அவளுக்குச் சொன்னனான்!

இக்னேசியஸ்: அடி கள்ளி மெலனி! என்னட்டை முதலே சொல்லிப்போட்டு, "அப்பா, அம்மாக்குத் தெரிஞ்சா ஞாயிற்றுப் பூசை முடியிறதுக்குள்ளை அங்கை ஸ்கார்பரோ முழுக்கத் தெரிஞ்சிடும்" எண்டெல்லோ என்ரை வாயைக் கட்டினவள்!