சரசா தூக்கின கை

விசாலம்: பேசாத! ஃப்ளாட் சொசைட்டிக் கூட்டத்துல அத்தனை பேரும் கையைக் கட்டிட்டுத்தான உக்காந்திருந்தாங்க? முதல்ல தூக்கின கை யாரோடது? உன்னோடது!

சரசா: அரே, கத்தாதீங்க விசாலம்க்கா. கீழ வாட்ச்மேன் அண்ணாந்து பாக்கறான்.

விசாலம்: பாக்கட்டும். எதிர்வீட்டுக்காரி பண்ணின வேலை இந்த சிஞ்ச்வட் ஏரியா பூராத் தெரியட்டும். எங்கூட்டுக்காரரைக் காட்டி 'பாஸ்கர் அண்ணனே மறுபடியும் செக்ரட்டரியா இருக்கட்டும்'னு நீ கையைத் தூக்கினதும்... பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கற மாதிரி எல்லாக் கையும் மேல போயிருச்சு.

சரசா: மேல்வீட்டு மராத்திப் பெரியவர், அந்தக் காகா, தூங்கிட்டிருந்தார். அவர் கையை அவர் பொண்டாட்டி தூக்கிவிட்டா...

விசாலம்: சிரிக்காத. எனக்குப் பத்திட்டு வருது.

சரசா: நம்ம சொசைட்டி எப்பவும் அப்படித்தானேக்கா? முதல் கை எதுக்கு மேல போகுதோ அதுதான் தீர்மானம். மொட்டை மாடிக்குப் பூட்டுப் போடணும்னு யாருக்கு இஷ்டம் இருந்துச்சு? ஒருத்தர் தூக்கினார், எல்லாரும் தூக்கினாங்க. இப்ப...

விசாலம்: இப்ப அந்தச் சாவியைக் கேட்டு எங்கூட்டு பெல்லை அடிக்கறாங்க. மோட்டர் ஓடலைன்னா பெல். தண்ணி லாரி வரலைன்னா பெல். மனுஷன் சோத்துல கை வெச்சா பெல்.

சரசா: மொதல்ல, அண்ணனை செக்ரட்டரி ஆக்கின வருஷம் தீபாவளிக்குக் கோயமுத்தூர் போனதே உங்க தப்பு. கூட்டத்துக்கு வராத ஆளைத்தான் செக்ரட்டரி ஆக்குவாங்கன்னு தெரியாதா?

விசாலம்: அதுக்குத்தான் இந்தத் தடவை முதல் வரிசையிலயே போய் உக்காந்தாரு! ஊட்டுல என்ன பேசி வெச்சிருந்தோம்? ரிட்டயர் ஆயாச்சு. இந்தப் பதவியையும் இறக்கி வெச்சுட்டா, ஃப்ளாட்டை வித்துப்போட்டு ஊருக்கே போயிரலாம்னு. இனி எங்க போறது? எடுத்த வேலையைப் பாதியில விடற ஆளா அவரு? இன்னும் ரெண்டு வருஷம் இங்கயேதான்.

சரசா: ரெண்டு வருஷம்... போயிரும்க்கா.

விசாலம்: உனக்கென்ன. இங்க பக்கத்துல தாபோடில பொறந்தவ. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல வளந்தவ. உனக்கு இதுதான் ஊரு.

சரசா: ...உங்களுக்கு? கோயமுத்தூர் போய் என்ன பண்ணுவீங்க?

விசாலம்: என்னமோ பண்றேன். அவருக்கு அதுதான் ஆசை. தண்ணி குடிக்கறப்பல்லாம் சிறுவாணி, சிறுவாணின்னு.

சரசா: போகணும்னு அவர் வாயால சொன்னாரா?

விசாலம்: சொல்லணுமா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தறேன், தெரியாதா எனக்கு?

சரசா: கிட்ட வாங்க. ஒண்ணு சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.

விசாலம்: சத்தியம் பண்ணலைன்னாலும் நீ சொல்லாம இருக்க மாட்ட. சொல்லு.

சரசா: புதன்கிழமை நீங்க மண்டிக்குக் காய் வாங்கப் போனப்ப அண்ணன் வந்தார். உள்ளயும் வரலை. மாடிச் சாவியை விரல்ல சுத்திட்டே நின்னார். 'கூட்டத்துல யாராச்சும் என் பேரைச் சொன்னா நல்லாருக்கும் சரசா. நானாக் கேட்டா விசாலம் மனசு ஒடிஞ்சு போயிருவா. அவளுக்கு அக்கா தங்கச்சியோட இருக்கணும். ஆனா அங்க போனா... என் வீட்டு பெல்லை யாரு அடிப்பா?'ன்னார்.

விசாலம்: ...இவரா?

சரசா: இவரேதான்.

விசாலம்: எனக்கு அக்கா தங்கச்சி ஆசைன்னு யாரு சொன்னது இவருக்கு!

சரசா: மெதுவா... கோவம் எங்கக்கா போச்சு?

விசாலம்: இரு. கொஞ்சம் இப்படி படியில உக்காந்துக்கறேன்.

சரசா: நானும் உக்காந்துக்கறேன். சரி, முதல் கை என்னோடது. ரெண்டாவது கை வைஷாலியோடது. அவ எந்தக் கூட்டத்துலயும் கொட்டாவி விடக்கூட வாயைத் திறந்ததில்லை. மூணாவது ஜெபமணி சாரோடது. எனக்கு இடிச்சுது. காலைல வைஷாலியை மாடிப்படில வழி மறிச்சுட்டேன்.

விசாலம்: உனக்கு வேற வேலையே இல்லையா?

சரசா: இல்லை. அவ வீட்டுக்கு ஒரு டப்பா அதிரசம் வந்துச்சாம். 'கையைத் தூக்கிரு'ன்னு சொல்லியும் அனுப்பினாங்களாம். ஜெபமணி சார் வீட்டுக்கும் போயிருக்கு. எதிர்வீட்டுக்கு மட்டும் வரலை.

விசாலம்: ...உனக்கும் நான் குடுத்தனுப்பினா நீ அவருகிட்ட சொல்லிருவ.

சரசா: ஆஹா! அப்ப இவ்வளவு நேரம் வாசல்ல நின்னு கத்தினது?

விசாலம்: அவரு உள்ளதான உக்காந்திருக்காரு. காதுல விழ வேண்டாமா?

சரசா: நேரா அவர்கிட்டயே 'எனக்குப் போக இஷ்டமில்லை'ன்னு சொல்றதுக்கு என்னக்கா?

விசாலம்: அவரு சொன்னாரா? அவருக்காக நானும் எனக்காக அவரும் மூட்டை கட்டிட்டிருந்திருக்கோம்... அலுத்துப் போச்சு சரசா. அங்க யாரை எனக்குத் தெரியும் இப்ப? காலைல கதவைத் திறந்தா எதிர்ல நீ பால் பாக்கெட்டோட நிக்கணும். யாரு வீட்ல யாரு கோவிச்சுட்டுப் போனாங்கன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் எனக்கு விடியுது.

சரசா: அக்கா... நானும் ஒண்ணு சொல்லணும்.

பாஸ்கர்: விசாலம்! சண்டை முடிஞ்சுதா? டீ ஆறுது!

விசாலம்: முடிஞ்சுது, வர்றோம்! ...எந்திரி சரசா. அவரே போட்ட டீ. குடிச்சுப் பாத்துட்டு உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

சரசா: அக்கா... அண்ணன்கிட்ட ஒரு கையெழுத்து வேணும்.

விசாலம்: செக்ரட்டரி கையெழுத்தா? என்னத்துக்கு?

சரசா: அண்ணன் கேட்டார்னு மட்டும் நான் கையைத் தூக்கலைக்கா. எம் பையன் நிர்மல் ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடில, ஹடப்சர்ல... பஸ் மாறி மாறிப் போய் பிள்ளை துரும்பாயிட்டான். அங்கயே ஃப்ளாட் பாத்தாச்சு. இதை விக்க செக்ரட்டரி கையெழுத்துப் போடணும். புது ஆளா இருந்தா அலைய விடுவான், அண்ணன்னா அன்னிக்கே போட்டுத் தருவார்... அடுத்த மாசம் போறோம். கவலைப்படாதீங்க, இங்க வர்றவங்களும் நல்லாப் பேசறாங்க. உங்களைப் பத்தி எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லி வெச்சுட்டேன்.