சீர்காழியில் பாறை ஏது?

ரயில் பூதலூரைத் தாண்டியதும் எனக்கு எதிரே இருந்த பெண் மடிக்கணினியைத் தன் மேலதிகாரி பக்கம் திருப்பினார். சீர்காழியில் கட்டப்போகும் பள்ளிக்கூடத்தை, வேறு ஊர்களில் பதிவான நிலநடுக்க அதிர்வுகளை வைத்துக் கணினியில் சோதித்திருந்தார்.

“இந்தக் கடைசிப் பதிவை எடுத்துடும்மா. இதுலதான் தூண் தாங்கல. மத்த ஆறுலயும் பாஸ்.”

“அந்த ஆறும் பாறை உள்ள ஊர்ல பதிவானது சார். ஆட்டம் அதிகமாகிற களிமண்ல பதிவானது இது ஒண்ணுதான்.”

“இங்க எங்கம்மா பூகம்பம் வந்துச்சு?”

“சீர்காழில ஒரு பாறையக் காட்டுங்க, எடுத்துடறேன்.”

“ரிப்போர்ட்ல நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆளு போடுவாங்க.”

“போடட்டும். எடுக்கச் சொன்னது நீங்கன்னு மெயில்ல ஒரு வரி அனுப்பிடுங்க சார்.”

மேலதிகாரி செல்போனை எடுத்தார், எதையும் தட்டவில்லை. தஞ்சாவூரில் இறங்கும்போது கேட்டார்:

“தூணை எவ்வளவு பெருசாக்கணும்?”