பல் டாக்டரின் பச்சைக் கார்

ஏலப் பட்டியல் எழுதுகிறவன் 'துரு' என்ற சொல்லை எழுதக் கூடாது. 'காலம் தொட்ட மேற்பரப்பு' என்று எழுத வேண்டும். நசுங்கியிருந்தால் 'பயன்பாட்டின் சுவடு'. நகரவே நகராத வண்டி என்றால் 'நீண்ட ஓய்வில் இருப்பது'. இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு, சார். நீங்கள் எழுதிக்கொள்வதைப் பார்த்தால் உங்களுக்கும் சொல் சிக்கனம் பிடிக்கும் போலிருக்கிறது. நல்லது. வரிசையாகவே சொல்கிறேன்.

பல் டாக்டருடையது பிரிட்டனில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டும் உட்காரலாம். கரும்பச்சை. அந்த ரகத்தில் மொத்தம் முப்பத்தெட்டு வண்டிகள்தான் வெளிவந்தன. டாக்டரும் மனைவியும் லிஃப்ட் வைத்த சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறப்போகிறார்கள், அங்கே நிறுத்த இடமில்லை என்று எங்களிடம் விற்கக் கொடுத்தார். முதல்முறை அதன் உறையை விலக்கியபோது என்னையறியாமல் கைகூப்பினேன். என் கல்யாணத்தில்கூட அப்படி மனதாரக் கும்பிடவில்லை. பட்டியலின் அட்டையிலேயே அதைப் போட்டோம். உள்ளே 'அசல்' என்ற சொல்லை நான்கு இடங்களில் எழுதினேன்.

ஏலத்துக்கு முந்தைய வாரம், வாங்க நினைப்பவர்கள் அவர் வீட்டு ஷெட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. சிக்கல் அங்கேதான். டாக்டர் ரொம்ப நல்ல மனிதர். எனக்கு இதுவரை வந்த தொல்லைகளெல்லாம் நல்ல மனிதர்களால் வந்தவைதான்.

முதலில் வந்தவர் டைல்ஸ் கம்பெனி முதலாளி. கதவைத் தடவிப் பார்த்து, "அந்தக் காலத்துத் தகடுன்னா தகடுதான்" என்றார்.

"அது அந்தக் காலத்துத் தகடு இல்லீங்க," என்றார் டாக்டர். "பழைய தண்ணி டேங்கை வெட்டி அடிச்சது. நானே பக்கத்துல நின்னு அடிக்க வெச்சேன்."

முதலாளிக்கு உடனே வேறெங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

மறுநாள் வந்த வக்கீலிடம், இன்ஜின் வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது என்றார். அதற்கடுத்த நாள் வந்த தம்பதியிடம், மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும் என்றார். யாருமே எதுவும் கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "கேட்டா மட்டும் சொல்லுங்களேன், டாக்டர்."

"அது எப்படிப்பா? சொத்தைப் பல்லுக்கு மேல தங்க மூடி போட்டு அனுப்பிட்டா, வீங்கின கன்னத்தோட யார்கிட்ட வந்து நிப்பான்? என்கிட்டதானே?" என் தோளைத் தட்டினார். "உன் புத்தகத்துலயும் மாத்திடு தம்பி. முடியலைன்னா விடு, ஏலத்தன்னிக்கு நானே மைக்கை வாங்கிச் சொல்லிடறேன்."

எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னார், பாவம்.

அச்சடித்த பிரதிகளெல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டன. ஆனாலும் நான் கவலைப்பட்டது என் பெயரைப் பற்றி இல்லை, அந்த வண்டியைப் பற்றி. நிறைந்த கூடத்தில் ஒருவர் எழுந்து அதைத் தண்ணி டேங்க் என்று சொல்ல, எல்லோரும் சிரிப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. கொஞ்சம் இளகிய மனசு எனக்கு.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குப் போனேன். ஆன்லைனில் ஏலம் கேட்பவர்களுக்காக இன்ஜின் சத்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும், தெருச் சத்தம் வராமல் ஷட்டரை இறக்கிவிடுகிறேன், நானே வந்து திறக்கும்வரை ஓடட்டும் என்றேன். டாக்டர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். படம் இல்லை, சத்தம் மட்டும்தான் என்று சொல்லியும் தலை வாரிக்கொண்டார். பக்கத்து சீட்டில் வீட்டுப் பூனை படுத்திருந்தது. அதைத் தூக்கி வெளியே விட்டேன். வாயில்லா ஜீவன்.

ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் பெயின்ட் வெளுத்துவிடும் என்று டாக்டரே அடைத்துவிட்டிருந்தார். டாக்டர் வண்டியில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். ஷட்டரை இறக்கினேன். பூட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். வண்டியில் ஒரு கீறல் இல்லை.

வயசானவர், மறதியாக ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டிருப்பார், புகை அடைத்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை. துக்க வீட்டில் விவாதம் செய்வது பண்பாக இராது.

ஏலம் பிரமாதமாக நடந்தது. ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். தன் காரிலேயே கண்மூடிய ரசிகர் என்று நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். டைல்ஸ் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே விலையை ஏற்றி வாங்கினார். தகடு விஷயம் அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். இதில் யாருக்கு என்ன குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அதே அம்மா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் ஏதோ சொன்னதால்தான் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நேற்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சின்னத் திருத்தம்.

ஷட்டரைப் பூட்டிய பிறகு சமையலறையில் அந்த அம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். புது வீட்டில் பால்கனி எந்தப் பக்கம் பார்த்தது என்று பேச்சு. அப்போது ஹாரன் கேட்டது. நீளமாக. சற்று விட்டு மறுபடியும். அந்த அம்மா கப்பை வைத்துவிட்டு எழுந்தார். "என்னைக் கூப்பிடறார் போலிருக்கே."

"உக்காருங்கம்மா. ஹாரனைச் சரிபாக்கச் சொல்லியிருந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டார். மூன்றாவது முறை அடித்தது பாதியிலேயே நின்றுவிட்டது. நான் நோட்டை எடுத்து, பட்டியலில் விட்டுப்போயிருந்த வரியை எழுதினேன்: 'ஹாரன் நன்றாக வேலை செய்கிறது.'

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, சார்.