முதல் பரிசு விளைச்சலின் ரகசியம்

எந்தப் போட்டியிலும் ஆறுதல் பரிசுகூட வாங்காதவன் நான். அதனால், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் தன் மனைவியிடம் "என் வெற்றியின் ரகசியம்" என்று ஆரம்பித்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். நெல் மகசூலில் மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கியவராம். கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், பஸ்ஸிலேயே ஒத்திகை.

"மாணவச் செல்வங்களே! துணிந்து முடிவெடுங்கள். ஊரே இரண்டாம் தடவை யூரியா போட்டபோது, நான் மட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்."

"எங்க முடிவெடுத்தீங்க? மூட்டையைக் காணோம்னு வைக்கோல் போருக்குள்ளகூடத் தேடினீங்க."

"அதை மேடையில சொல்ல முடியுமா?"

"பொய் மட்டும் சொல்லலாமாக்கும்?"

"இந்தா பாரு, யூரியா போட்ட பயிரெல்லாம் தளதளன்னு வளந்து மழையில படுத்துடுச்சு. நம்ம பயிர்தான் நின்னுச்சு. மூட்டையைத் திருடுன புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, இன்னிக்கு எனக்குப் போடற சால்வையை அவனுக்கே போத்திடுவேன்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப எங்க அண்ணனுக்குப் போத்துங்க. அவரு மூட்டை பத்தல, கடையிலயும் ஸ்டாக் இல்லன்னு வந்து நின்னாரு, நான்தான் தூக்கிக் குடுத்தேன்."

"ஒங்கண்ணன் வயலுதானே ஊருக்கு முன்னாடி படுத்துச்சு?"

"ரெண்டு பங்கு போட்டா படுக்காம என்ன செய்யும்?"

வடுவூர் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடின உழைப்புன்னே சொல்லிடறேன். அதுக்கு யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க."