ஜட்ஜுக்குப் போட்ட கும்பிடு

பதுளை பஸ் வரிசையில் எனக்கு முன்னால், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்த வக்கீல், தன்னோடு நின்ற ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"லொறி அடிச்சதுல ஒன் வலது கை தோளுக்கு மேல எழும்பாதுன்னு காலையில இருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன். நீ கூண்டுல ஏறினதும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஜட்ஜக் கும்பிட்டுட்டே! இன்சூரன்ஸ் கொம்பனி வக்கீல் சிரிக்கிறான்யா!"

"வலிச்சுதுங்க ஐயா. உசுரே போயிருச்சுங்க."

"அப்ப எதுக்குய்யா தூக்கினே?"

"ஜட்ஜு தொரைய ஒத்தக் கையால கும்பிட முடியுங்களா?"

பஸ் வந்தது. படியில் ஏறியவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கத் தொடங்கினார்.

"எறக்குய்யா கைய!"