பதினாறு செகண்டு கிதார்

— கோட்டைக் கழட்டிக் குடுத்துரு, வைகுண்டராஜ்.

— அண்ணே, நான் பனியனோடதானே நிக்கேன்.

— மேடைக்குன்னு குழுவுல குடுத்தேன்லா ஜிகினாக் கோட்டு, அதைச் சொல்லுதேன். பொறவு அந்த வெள்ளை ஷூ. கிதாருல ஒட்டியிருக்க குழு ஸ்டிக்கரையும் பிச்சிரு. நான் நடத்துத சங்கரலிங்கம் இன்னிசைக் குழுன்னா இருபத்திரெண்டு வருசமா ராஜபாளையத்துல ஒரு பேரு உண்டு. நேத்து ஸ்ரீவில்லிபுத்தூரு கல்யாண மண்டபத்துல பட்ட அவமானத்தை நான் எங்கயும் பட்டதில்ல.

— வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. கோட்டைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். காயுற வரைக்கும் காப்பி குடிங்க.

— காப்பியெல்லாம் வேண்டாம், பாண்டிசெல்வி. உன் வீட்டுக்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன். ஏலே, அந்த சினிமாப் பாட்டுக்கு நடுவுல கிதாருக்கு நான் எம்புட்டு நேரம் குடுத்தேன்?

— பதினாறு செகண்டுண்ணே.

— நீ எம்புட்டு வாசிச்சே?

— செத்த நேரம் கூடப் போயிருச்சு.

— மூணு நிமிசம் இருபது செகண்டு! பாடுற புள்ள வாயைத் திறக்கு, மூடுது, திறக்கு, மூடுது. தொட்டி மீனு கணக்கா. கீபோர்டு ஜெபக்குமாரு எந்தக் கட்டையில கை வைக்கன்னு தெரியாம ரெண்டு கையையும் தூக்கிட்டான். பொண்ணுக்குத் தாய்மாமன் டெஸ்டரை எடுத்துக்கிட்டு மேடை ஏறிட்டாரு. கிதாருல கரண்டு லீக் ஆகுதுன்னு நினைச்சுட்டாரு அவரு.

— அது ஜாஸ்ண்ணே.

— என்னது?

— ஜாஸ். அறுபது வருசத்துக்கு முந்தி ஒரு அமெரிக்காக்காரர் வாசிச்சது. முன்கூட்டி எதையும் யோசிக்காம, அந்த நேரத்துல மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாசிக்கிறது.

— சரி. நேத்து நீயும் உனக்குத் தோணுனதை வாசிச்சியாக்கும்.

— ஐயையோ, இல்லண்ணே. அவருக்குத் தோணுனதை வாசிச்சேன். அஞ்சு மாசமா கேட்டுக் கேட்டு, ஒண்ணு விடாம எழுதி, மனப்பாடம் பண்ணி.

— யோசிக்காம வாசிச்சதை நீ அஞ்சு மாசமா யோசிச்சு எழுதுனே?

— இதை அப்படித்தாண்ணே படிப்பாங்க.

— உனக்குன்னு ஒண்ணும் தோணாதாலே?

— அதுக்கு இன்னும் காலம் கிடக்குண்ணே. முதல்ல அவருக்குத் தோணுனது பூராம் முடியட்டும்.

— அவரு அதை எம்புட்டு நேரம் வாசிச்சாரு?

— ரெண்டரை நிமிசம்.

— அவரே ரெண்டரையில முடிச்சுட்டாரு. உனக்கு எதுக்குலே மூணு இருபது?

— அது... வழியில ஒரு தாமசமாயிருச்சுண்ணே.

— உங்களுக்கு மூணு நிமிசம்தான் அண்ணாச்சி, எனக்கு அஞ்சு மாசம். போன்ல என்னமோ ஏத்தி வச்சு அதைப் பாதி வேகத்துல ஓட விடுதாவ. பாதி வேகத்துல அந்தக் கிதாரு சினைமாடு முக்குற மாதிரி இருக்கும். நான் மாவாட்டுனா முக்கல், துணி மடிச்சா முக்கல். போன வாரம், சாம்பாருக்கு உப்பு பத்துமான்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, 'இன்னொருக்கா மெதுவாச் சொல்லு'ங்காவ.

— 'உப்பு'ன்னு நீ இழுத்தது என்ன சுரம்னு பாத்தேன், செல்வி.

— கேட்டுக்கோங்க அண்ணாச்சி. இந்தாங்க, இதுதான் அந்த நோட்டு. நாலு நோட்டுல இது கடைசி.

— சரிகமன்னு நல்லாத்தானே எழுதியிருக்கே. இது என்னலே, இங்கன ஒரு சுரத்தைச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டிருக்கு?

— அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாளாச்சுண்ணே.

— இது? நடுவுல 'க்ஹும்'னு இருக்கு?

— அந்த இடத்துல அவரு தொண்டையைச் செருமுதாரு.

— அதையுமா எழுதுனே?

— எழுதுனது மட்டுமில்லண்ணே. நேத்து அதே இடத்துல செருமவும் செஞ்சேன்.

— அடப்பாவி, அது நீதானா! பந்தியில ரசவாளியோட நின்னவரு, மைக்குல யாரோ தன்னைக் கூப்பிடுதாகன்னு மேடைக்கிட்ட வந்து நிக்காருலே! பாண்டேஜ் துணிக் கம்பெனியில செக்கிங் பாக்கியே, அதோட நிறுத்திக்கிட வேண்டியதுதானே?

— காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெள்ளைத் துணிண்ணே. வெள்ளையைத் தவிர ஒண்ணும் கிடையாது. நூலு விட்டிருக்கா, கறை பட்டிருக்கா, அம்புட்டுத்தான். கிதாரைத் தோள்ல மாட்டுனாத்தான் நானும் ஒரு ஆளுன்னு இருக்கு. குழுவை விட்டு மட்டும் அனுப்பிராதீங்கண்ணே.

— பதினாறு செகண்டு ஆளா இருந்திருக்கலாம்லா? யாரு வேண்டாம்னா? சரி, வாசிச்சதுதான் வாசிச்சே, கடைசியில குனிஞ்சும் நிமிந்தும் ஒரு ஆட்டம் போட்டியே, அதுவும் அமெரிக்காவா?

— அது டிரோன்ணே. வீடியோக்காரன் பறக்க விட்டது, நேரா என் மூக்குக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு.

— நான் போன்ல எடுத்திருக்கேன் அண்ணாச்சி. இந்தா, பாருங்க.

— அதை வேற இன்னொருக்கா பாக்கணுமா? சரி, போடு.

— இது வரைக்கும் சரியா வாசிக்காவ. இப்ப 'டீடுடா டுங்'னு இறங்கணும்... இறங்கியாச்சா. இப்ப மேல போய் ஒரு இழுவை... இழுத்தாச்சு.

— ஏம்மா, உனக்குமா இதெல்லாம் தெரியும்?

— தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுதேன். இந்தா டிரோன் வந்துட்டு. இங்கன மறுபடியும் முக்கணும்... ஏங்க, இது என்னது? இது அதுல கிடையாதே!

— எது, செல்வி?

— இந்த 'டிங்கு டிங்கு டாவ்'. அந்த மனுசன் இப்படி வாசிக்கவே இல்லியே. இது யாரோ கிச்சுகிச்சு மூட்டுன மாதிரில்லா இருக்கு.

— மறந்து போச்சு.

— என்னலே மறந்து போச்சு?

— டிரோனைப் பாத்ததும் எழுதுனது பூராம் மறந்து போச்சுண்ணே. பாதியில நிறுத்துனா நீங்க ஏசுவீயளேன்னு கை போன போக்குல விட்டுட்டேன். அதுக்குப் பொறவு வந்தது பூராம் நான்தான்.

— நீ நிறுத்தலைன்னுதானலே நான் ஏசுதேன்!

— தப்புத்தாண்ணே. அஞ்சு மாசத்துப் பாடு ஒரு டிரோனோட போச்சு. கோட்டை எடுத்துட்டு வாரேன்.

— இரு, போன் அடிக்கு. ஐயையோ, பொண்ணோட அப்பா வேல்சாமி! ...வணக்கம் அண்ணாச்சி. ஆமா அண்ணாச்சி, தப்புத்தான். ஆளை நிறுத்தியாச்சு, கோட்டை வாங்கத்தான் அவன் வீட்டுக்கு வந்திருக்கேன்... என்னது? யாரு, கல்யாணப் பொண்ணா? ...கார்லயா? ...ஆமா, கேக்குது, நீங்க பாடுறது நல்லாக் கேக்குது. சரி அண்ணாச்சி. வச்சிருதேன்.

— என்ன அண்ணாச்சி சொல்லுதாவ?

— ஜாக்கெட்டுத் தையல் சரியில்லன்னு அந்தப் பொண்ணு ரெண்டு நாளா உம்முன்னே இருந்திருக்கு. மேடையிலயும் அப்படித்தானே நின்னுச்சு. மாப்பிள்ளை என்னமோ தன்னைத்தான் பிடிக்கலைன்னு பயந்து போயிருக்காரு. உன் கிதாரைக் கேட்டு அது பக்குன்னு சிரிச்சிருச்சாம். அதைப் பாத்து அவரும் சிரிச்சுட்டாராம். மாப்பிள்ளை ஊரு ஆலங்குளம் போய்ச் சேருற வரைக்கும் ரெண்டு பேரும் கார்ல அதையே வாயால வாசிச்சுக்கிட்டுப் போயிருக்காவ.

— எதைண்ணே? அந்த இறங்கி இழுக்கதையா?

— டிங்கு டிங்கு டாவ்.

— அண்ணே!

— வேல்சாமி அண்ணாச்சி போன்ல முழுசாப் பாடிக் காட்டுதாருலே. ஞாயித்துக்கிழமை மறுவீடாம். பொண்ணு கேக்குதாம். நீ வந்து அதையே வாசிக்கணும், ஒரு சுரம் கூட மாறக் கூடாதுங்காரு.

— அப்ப கோட்டு?

— ஈரமா இருந்தாலும் போட்டுக்கோ. கிதாரை எடு. எங்க, ஒருக்கா வாசி, பாப்போம்.

— அது எப்படிண்ணே முடியும்? யோசிக்காம வாசிச்சதுல்லா. முதல்ல கேட்டு எழுதணும். ஞாயித்துக்கிழமை ஆகாதுன்னு சொல்லிருங்க. அந்த அமெரிக்காக்காரராவது பரவாயில்லண்ணே, இந்த ஆளு ரொம்பக் கஷ்டம். குறைஞ்சது ஆறு மாசம் ஆகும்.