கராஜுக்குள்ளை ஒரு குசினி

இருங்கோ அக்கா, எழும்பாதேங்கோ. மணக்குது எண்டு நான் குறையாச் சொல்லேல்லை. பஸ்ஸிலை ஏறினவுடனை தமிழ் ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு மூக்காலைதான் தேடினனான். உங்கட கோட்டுத்தான் என்னைக் கூப்பிட்டுது. தாளிச்ச வெங்காயம், கொஞ்சம் பெருங்காயம். பெருங்காயத்திலை இந்தியா எண்டும் விளங்கிட்டுது. சரியோ?

ஐயோ, வெக்கப்படாதேங்கோ. எனக்குப் பக்கத்திலை நீங்கள் சந்தனம். நான் விடியப்புறத்திலையிருந்து ஆட்டிறைச்சிக் கறியோடை நிண்டிட்டு வாறன். பாருங்கோ, எங்களைச் சுத்தி இருந்த சனம் மெல்ல மெல்ல முன்னுக்குப் போயிட்டுது. ஒருவிதத்திலை வசதி, காலை நீட்டலாம்.

இந்தப் பையோ? அதுக்குள்ளை சீலை. மாம்பழ நிறம். என்ர தங்கச்சி எலிசா வீட்டிலை இண்டைக்கு உடுக்கவெண்டு கொண்டுபோனனான். மடிச்சபடியே திரும்பி வருது. சொல்லுறன், மெட்ரோவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு.

எலிசா வீட்டுப் பிள்ளை ரக்ஷனாவுக்கு இண்டைக்கு நிச்சயம் அக்கா. பெடியன் இந்த மொன்ட்ரியால் வெள்ளை, இங்கிலீஷ் ஆக்கள். நல்ல பெடியன், குறை சொல்லேலாது. போன கிழமை எலிசா ஃபோன் எடுத்தவள். அக்கா, சமையல் உன்ர கையாலைதான், ஆனா இந்தமுறை சமைச்சுப்போட்டு ஓடக்கூடாது, சீலையை மாத்திக்கொண்டு வந்து எங்களோடை மேசையிலை இரு, உனக்கும் ஒரு கதிரை போடுவன் எண்டாள். மெய்யே எண்டு திரும்பக் கேட்டனான். சத்தியம் எண்டவள். அந்தக் கதிரையை நினைச்சு நினைச்சுத்தான் அக்கா ஒரு கிழமையும் ஓடினது.

நீங்கள் மகன் வீட்டையே நிக்கிறியள்? பியர்பொன்ட்ஸிலையே? கோட்டுகளை எங்கை கொழுவிறியள்? அடுப்படிக்குப் பக்கத்திலையோ! அப்ப மணக்காமல் என்ன செய்யும்? எலிசா வீட்டிலை சமையல் தொடங்க முதலே கோட்டெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள்ளை போய், பை மேல் அறைக்குள்ளை போய், கதவுக்குக் கீழை துவாயும் அடைஞ்சு கிடக்கும். பேந்து அதுவும் போதாதெண்டு குசினியையே வீட்டுக்கு வெளியிலை எடுத்திட்டாள்.

ஓம், கராஜுக்குள்ளை. கார் விடுற இடத்திலை அடுப்பு, சிங்க், ஒரு பழைய மேசை. கார் பாவம் வெளியிலை பனிக்குள்ளை நிக்கும், கறி உள்ளை நிண்டு கொதிக்கும். வீட்டுக்குள்ளை இருக்கிற குசினியை நீங்கள் பாக்கோணும், பளிங்கு. அதிலை கோப்பி மட்டும்தான் போடுவினம். சீச்சீ, விசர் எண்டு சொல்லாதேங்கோ, இங்கை கனபேர் அப்பிடித்தான். வீடு விக்கேக்கை மணம் இருந்தா விலை விழுமாம். செயின்ட்-மிஷேலிலை ஒரு அறையிலை இருக்கேக்கை யன்னலைச் சாத்திப்போட்டு நெத்தலி பொரிச்சுத் திண்டவள்தான் இவள்.

ஆனா இது எலிசாவின்ர மூளை இல்லை அக்கா. வெள்ளைக்காரன் எப்பவோ கண்டது. எனக்கு எப்பிடித் தெரியுமோ? நான் இரவிலை ஒஃபீஸ் துடைக்கிற வேலை. காதுக்குள்ளை வயரைச் செருகிக்கொண்டு ஃபோனிலை சரித்திரம் கேப்பன். படிக்கிற வயசிலை எங்கட நாட்டிலை சண்டை. இப்ப மொப்பும் கையுமா ஏதோ கொஞ்சம்.

இந்தியாவுக்கு முதல் வந்த இங்கிலீஷ் கொம்பனிக்காரர் இருக்கினமெல்லே, அவை எங்கட ஆக்களைப்போலையே திண்டவை. சோறு, கறி, ஊறுகாய் எண்டு வேர்த்து ஒழுகச் சாப்பிட்டிட்டு ஒரு நித்திரை. ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் நாக்கு விடேல்லை. அங்கை இங்கிலீஷ் சமையல் புத்தகத்துக்குள்ளையும் கறி போயிட்டுது, தூளாக்கி விக்கவும் தொடங்கிட்டினம். நீங்கள் குழம்பு எண்டுவியள், கூட்டு எண்டுவியள், நாங்கள் சொதி எண்டுவம், பிரட்டல் எண்டுவம். அவைக்கு எல்லாத்துக்கும் ஒரே தூள், ஒரே பேர்.

அதை நான் பெரிய பிழை எண்டு சொல்லமாட்டன். மிளகாயே போர்த்துக்கீசன் கப்பலிலை கொண்டுவந்ததுதானே. அவன் தராட்டி நாங்கள் இண்டைக்கும் மிளகைக் கடிச்சுக்கொண்டுதான் இருப்பம். ஆர் ஆரிட்டை வாங்கினது எண்டதிலை எனக்கு வழக்கில்லை.

பேந்து நடந்ததைக் கேளுங்கோ. கப்பல் வேகமா ஓடத் தொடங்கினவுடனை துரைமாரின்ர பெண்சாதிமார் வந்து இறங்குகினம். இராச் சாப்பாட்டு மேசைக்குப் பிரெஞ்சுக்காரன்ர சாப்பாடு, அதுவும் டின்னிலை வந்தது. கறி மத்தியானத்துக்கு, பெரிய ஆக்கள் வராத நேரத்துக்கு. குசினி பங்களாவுக்கு வெளியிலை, முத்தத்துக்கு அங்காலை. புகை உள்ளை வரக்கூடாது, மணம் வரக்கூடாது. சாப்பாடு மட்டும் சுடச்சுட வரவேணும். அதைக் கேட்ட அண்டைக்கு நான் மொப்பிலை சாஞ்சு நிண்டு தனியச் சிரிச்சனான். அட, இது எலிசாவின்ர கராஜெல்லோ எண்டு.

இண்டைக்குத்தான் சிரிப்பு வரேல்லை.

இல்லை, நான் அங்கை இருக்கிறேல்லை. மொன்ட்ரியால்-நோரிலை தனிய ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமையிலை வந்து, கிழமைக்குத் தேவையானதைச் சமைச்சு வைச்சிட்டுப் போவன். சம்பளமோ? என்னக்கா, கூடப் பிறந்தவளெல்லோ.

இண்டைக்கு எல்லாம் முடிச்சு, சொதிக்குத் தேசிக்காய் விடேக்கை பெடியன் வீட்டாக்களின்ர கார் வந்த சத்தம் கேட்டுது. கையைக் கழுவிக்கொண்டு, சீலையையும் எடுத்துக்கொண்டு, உள்கதவைத் தட்டினன். டெனிஸ்டன், தங்கச்சியின்ர புருசன், கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தான். மச்சாள், கொஞ்சம் பொறுங்கோ, உங்களிலை மணம் நல்லா ஏறிப்போச்சு, அவை கோட்டுக் கழட்டிற இடம் இது எண்டான். சரி, அவை கழட்டி முடியட்டும் எண்டு நிண்டன். பேந்து கதவு திறந்தது கறிச் சட்டியளை வாங்கத்தான். ஒவ்வொண்டா வாங்கி வாங்கிச் சாத்தினான்.

கோவமோ? அப்ப இல்லை. சாப்பிடத் தொடங்கினாப்போலை கூப்பிடுவினம் எண்டு நினைச்சனான். கராஜ் கதவுக்குக் கீழாலை குளிர் வருது, காலுக்கு அடுப்புச் சூடும் எட்டேல்லை. உள்ளை கதைக்கிறது நல்லாக் கேக்குது. பெடியன்ர தகப்பன் கறியைப் பற்றிப் பெரிய பிரசங்கம். கறி எண்டு ஒண்டு இந்தியாவிலை இல்லவே இல்லையாம், அது இங்கிலீஷ்காரர் ஆக்கினதாம். அரைவாசி சரி, மிச்சத்துக்கு நான் சண்டை பிடிச்சிருப்பன், கதிரை இருந்திருந்தா. எலிசா என்ன சொன்னவள் தெரியுமே? எங்கட வீட்டிலையும் உறைப்பு பெரிசா இல்லை, நாங்கள் கூடுதலாப் பாஸ்டாதான், இண்டைக்கு உங்களுக்காகத்தான் இதெல்லாம் எண்டாள். நான் இஞ்சாலை நிக்கிறன், என்ர கையிலை மஞ்சள் கழுவியும் போகேல்லை!

பேந்து கதவு முழுசாத் திறந்தது. டெனிஸ்டனோ எண்டு பாத்தா பெடியன்ர தகப்பன். கையிலை சாப்பாட்டுக் கோப்பை, மூக்கெல்லாம் சிவந்து வேர்த்துப்போய். ஆர் சமைச்சதெண்டு கேட்டுக்கேட்டு, ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லையெண்டு, மணத்தைப் பிடிச்சு வந்திருக்குது. மற்றவை பின்னாலை ஓடி வருகினம். மனுசன் என்ர மஞ்சள் கையைப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டு, இந்தக் குளிருக்குள்ளை ஏன் நிக்கிறியள், வாங்கோ, வந்து எங்களோடை இருங்கோ எண்டுது. நான் அவ்வளவு நேரமும் வெள்ளைக்காரனையெல்லோ மனசுக்குள்ளை வைஞ்சுகொண்டு நிண்டனான். கடைசியிலை கதிரை தாறன் எண்டு வந்தது அவன்.

பெடியன் கேட்டான், ஆர் இவ எண்டு.

ரக்ஷனாதான் சொன்னவள். என்ன வடிவு தெரியுமே அக்கா, பச்சைச் சீலை, நெத்தியிலை சின்னப் பொட்டு. எங்களுக்கு உதவிக்கு வாற அம்மா, அவவுக்கு பஸ்ஸுக்கு நேரம் போகுது எண்டு சொன்னவள். சொல்லிப்போட்டு என்ர பக்கம் திரும்பி, பிரெஞ்சிலை நன்றி சொன்னாள், மெர்சி மதாம் எண்டு. சிரிச்சபடி.

பஸ்ஸுக்கு நேரமெண்டு சொன்னா, பஸ் எடுக்கத்தானே வேணும். அதுதான் இதிலை இருக்கிறன்.

ஓமோம், நீங்கள் கேக்கிறது நியாயம். தங்கச்சியின்ர மகள் பெரியம்மாவை அப்பிடிச் சொல்லலாமோ எண்டு. எலிசாவின்ர மகள் எண்டது பேப்பரிலை. என்ர புருசன் செத்த வருசம், குண்டு விழுந்துகொண்டிருக்குது, எலிசாவுக்கு வெளிநாட்டு அலுவல் சரிவந்திட்டுது. என்ர பிள்ளையெண்டாலும் உயிரோடை இருக்கட்டும் எண்டு அவளின்ர பிள்ளையாப் பதிஞ்சு, நான்தான் தூக்கிக் குடுத்துவிட்டனான். அப்ப ரக்ஷனாவுக்கு வடிவாக் கதைக்கவும் வராது.

இல்லை அக்கா, அவளுக்குத் தெரியும். நான் இங்கை வந்து சேர்ந்த வருசமே எலிசா சொல்லிப்போட்டாள்.

நானோ? அந்த மனுசன் இன்னும் என்ர கையை விடேல்லை. பெடியன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். நான் என்னத்தைச் சொல்லுறது? து ரியான், மத்மவசெல் எண்டனான். பெரிசா ஒண்டும் இல்லை, பிள்ளை, எண்டு சொல்லுறது அதுதான்.